மழைக்கு மீதி நாள்

குடகனாறு வருடத்தின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். ஐப்பசியில் திண்டுக்கல் சமவெளியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், ஆற்றுக்குள் தோண்டிய அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும்; வேலையும் நிற்கும். இங்கே பாலம் கட்டுகிற இன்ஜினியர் எவருக்கும் இது மனப்பாடம். ஆனால் அவர் கம்ப்யூட்டரில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருளுக்கு இது தெரியாது. எந்த வேலை எப்போது தொடங்கும், எதற்குப் பின் எது என்பதோடு அதன் அறிவு முடிந்துவிடுகிறது.

அதற்கு நம் ஊரைச் சொல்லிக்கொடுக்கும் வழிதான் கஸ்டம் ஃபீல்டு. ஒவ்வொரு வேலைக்கும் எண்ணுக்கு 20, எழுத்துக்கு 30, ஆம்-இல்லைக்கு 20 என்று காலி இடங்கள் உண்டு. அவற்றுக்கு நாமே பெயர் வைக்கலாம், ஃபார்முலாவும் எழுதலாம்.

ஒரு சிறுபாலத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் ‘ஆற்று வேலை’ என்றொரு ஆம்-இல்லை ஃபீல்டு. அஸ்திவாரத்துக்கும் தூணுக்கும் ஆம். கைப்பிடிச் சுவருக்கு இல்லை. அடுத்து ‘மழைக்கு மீதி நாள்’ என்ற எண் ஃபீல்டு. ஆற்று வேலையாக இருந்தால், வேலை முடியும் தேதியிலிருந்து அக்டோபர் 15 வரை எத்தனை நாள் என்று ‘டேட்டிஃப்’ என்ற ஃபங்ஷன் கணக்கிடட்டும். இல்லையென்றால் 999 என்று போடட்டும். ஏன் 999? பல வேலைகளைத் திரட்டிக் காட்டும் தலைப்பு வரியில், உள்ளே இருப்பவற்றில் மிகச் சிறிய எண் தெரியும்படி வைக்கப்போகிறோம். பூஜ்யம் போட்டிருந்தால், மழைக்குச் சம்பந்தமில்லாத கைப்பிடிச் சுவர் மேலே வந்து உண்மையான ஆபத்தை மறைத்துவிடும். எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் சிவப்புப் புள்ளி, 15-க்குள் இருந்தால் மஞ்சள். கம்பி லோடு ஒரு வாரம் தாமதமானால் 12 என்று இருந்தது அந்த நொடியே 5 ஆகிவிடும்.

டேட்டிஃப் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தே எண்ணும். மழைக்கு அதுதான் சரி. முதலில் போட்ட திட்டத்திலிருந்து எத்தனை வேலை நாள் பிந்தியிருக்கிறோம் என்று பார்க்க ‘புராஜ்டேட்டிஃப்’ வேண்டும். அது வேலை நேரத்தை மட்டும், அதுவும் நிமிடங்களில், தருகிறது. 8 மணி நேர நாளுக்கு 480. பலர் 480-ஆல் வகுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். சைட்டில் 10 மணி நேர வேலை என்றால் விடை தப்பு. ‘ஒரு நாளுக்கு நிமிடங்கள்’ என்று மென்பொருளே வைத்திருக்கும் ஃபீல்டால் வகுப்பதே நல்லது.

ஃபார்முலா தன் வரியை மட்டுமே பார்க்கும், பக்கத்து வேலையின் தேதி அதற்குத் தெரியாது. ஃபார்முலா எழுதிய ஃபீல்டில் கையால் எதையும் திருத்தவும் முடியாது. ஆகவே சைட் மேஸ்திரி சொல்லும் தண்ணீர் மட்டத்துக்குத் தனியாக ஒரு ஃபீல்டு ஒதுக்கிவிடுங்கள்.