இரவல் கொடுத்த நம்பிக்கை

உங்கள் வீட்டில் ஐந்தாறு வயதில் ஒரு வாண்டு இருக்கிறதா? இன்று இரவு சாதம் பிசைந்து ஊட்டும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். ராஜகுமாரன் பறக்கும் வெள்ளைக் குதிரையில் ஏறி ஏழு கடல் தாண்டிப் போனான் என்று சொல்லுங்கள். வாண்டு கண்கொட்டாமல் கேட்கும். இரண்டு கவளம் கூடுதலாகவே உள்ளே போகும். மறுநாள் அதே கதையில் குதிரையைக் கறுப்பாக்கிவிடுங்கள். "போம்மா, பொய் சொல்றே! நேத்து வெள்ளைக் குதிரைன்னியே?" என்று சண்டைக்கு வந்துவிடும்!

குதிரை பறந்ததில் ஆட்சேபம் இல்லை. நிறம் மாறியதில்தான் ஆட்சேபம். வேடிக்கையாக இல்லை? ஆனால் பெரிய பெரிய எழுத்தாளர்களெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் இது.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-ல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் சொன்னார். கதையைக் கேட்கிறவர்கள் ஏமாளிகள் அல்லவாம். தங்களுடைய அவநம்பிக்கையைத் தாங்களே மனமுவந்து சற்று ஒதுக்கி வைக்கிறார்களாம். அடுத்த வீட்டு மாமிக்கு ஓர் ஆழாக்குக் காப்பிப் பொடி இரவல் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. கொடுப்பது நம் இஷ்டம். ஆனால் வாங்கிக்கொண்டவர் கணக்காக இருக்க வேண்டும்.

அப்படிக் கணக்காக இருந்தவர் ஹெச். ஜி. வெல்ஸ். 1897-ல் அவர் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவல் எப்படித் தொடங்குகிறது, தெரியுமா? பனி கொட்டும் ஒரு நாள், ஐப்பிங் என்ற கிராமத்து விடுதிக்கு ஒரு மனிதர் வருகிறார். விடுதிக்கார ஹால் அம்மாள் அவருக்குச் சாப்பாடு தயாரிக்கிறாள். வேலைக்காரப் பெண்ணோ கடுகு விழுதை எடுத்து வைக்காமல் மசமசவென்று நிற்கிறாள். அம்மாள் அவளைக் கடிந்துகொண்டு, தானே கிண்ணத்தை நிரப்பித் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். உள்ளே போனவள் திடுக்கிட்டு நிற்கிறாள். வந்தவரின் தலை முழுவதும் துணிக்கட்டு!

அந்தக் கடுகு விழுதுக் கிண்ணம் நம் வீட்டுச் சமாசாரம் மாதிரியே இருக்கிறதல்லவா? கிண்ணத்தை நம்பிவிட்ட நாம், கட்டுக்குள்ளே முகமே தெரியாது என்பதையும் நம்பிவிடுகிறோம்.

அதற்குப் பிறகும் வெல்ஸ் கணக்குத் தவறவில்லை. உடல்தான் மறையுமே தவிர உடை மறையாது. ஆகையால் ஆசாமி துணியில்லாமல் லண்டன் குளிரில் நடுங்க வேண்டியிருக்கிறது. தும்மல் காட்டிக் கொடுக்கிறது. தெருவில் அவருடைய பாதச் சுவடுகளைப் பார்த்துப் பையன்கள் துரத்துகிறார்கள். சாப்பிட்டால், அது ஜீரணமாகும் வரை வெளியே தெரியும். ஒரே ஓர் அதிசயத்துக்குத்தான் அனுமதி. மற்றதெல்லாம் நாம் வாழும் உலகம். பின்னாளில் தம் நாவல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் வெல்ஸே இந்த ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார்.

"அப்படியானால் அந்த ஆசாமிக்குக் கண் தெரியுமா?" என்று கேட்டார் ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் பெரல்மான். வெளிச்சம் விழித்திரையில் விழுந்து தங்கினால்தான் பார்வை உண்டு. கண்ணும் கண்ணாடியாகிவிட்டால் வெளிச்சம் ஊடுருவிப் போய்விடும், ஆசாமி குருடர்தான். கேள்வி மிகச் சரி. ஆனால் புத்தகம் கையில் இருக்கும்போது எத்தனை பேருக்கு அது தோன்றுகிறது? ஹால் அம்மாள் நம்மைக் கேட்க விடுவதில்லை!

நம் ஊர் உதாரணமும் உண்டு. 1957-ல் தமிழிலும் தெலுங்கிலும் வந்த 'மாயா பஜார்' படத்தில், லட்டுகள் தாமாகப் பறந்து கடோத்கஜன் வாய்க்குள் போகின்றன. அதை நம்ப வைத்ததில் தந்திரக் காட்சிக்குப் பாதிப் பங்குதான். மீதி, ரங்கா ராவ் முகத்தில் தெரிந்த பசியும் ருசியும். வத்ஸலா உருவில் வந்திருப்பது கடோத்கஜன் என்பதை, சாவித்திரியின் மிடுக்கான நடையே சொல்லிவிடவில்லையா?

இரவல் கேட்காமலே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை உண்டு. 1938 அக்டோபர் 30-ம் தேதி, அமெரிக்க வானொலியில் ஆர்ஸன் வெல்ஸ் என்ற இளைஞர், செவ்வாய்க் கிரகத்தார் படையெடுக்கும் நாடகத்தை ஒலிபரப்பினார். மூலக்கதை நம் ஹெச். ஜி. வெல்ஸ் எழுதியதுதான். ஆரம்பத்தில் நாடகம் என்றே அறிவித்தார்கள். ஆனால் உள்ளே செய்தி அறிக்கை போலவே நடித்தார்கள். தாமதமாக வானொலியைத் திருப்பியவர்களில் சிலர் நிஜமென்று நம்பி நடுங்கிப் போனார்கள். ஊரே ஓடியதாகப் பத்திரிகைகள் எழுதியது மிகை. ஆனால் பயந்தவர்களின் பயம் பொய்யல்ல. மற்றவர்கள் நம்பிக்கையை இரவல் கொடுத்தார்கள். இவர்களிடமிருந்து அது களவு போயிற்று.

இன்று நம் கைப்பேசிக்குத் தினம் வந்து விழும் படங்களிலும் செய்திகளிலும், இரவல் எது, களவு எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. அந்தப் பழக்கம் சாதம் ஊட்டும் வேளையிலேயே தொடங்கலாம். ஒருநாள் உங்கள் வாண்டு, "அம்மா, குதிரை நிஜமாவே பறக்குமா?" என்று கேட்கும். தயங்காமல், "இது கதைடா கண்ணு" என்று சொல்லுங்கள். கதை கெட்டுப் போகாது. "சரி, அப்புறம்?" என்று அடுத்த கவளத்துக்கு வாயைத் திறக்கும், பாருங்கள்.

குதிரை வெள்ளை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்!