தோட்டத்து விறகு இலவசமா?

“அந்தக் காலத்தில் விறகுக்குக் காசா கொடுத்தோம்?” என்று தோட்டத்தில் வாழ்ந்த மூத்தவர்கள் சொல்வதுண்டு. காசு கொடுக்கவில்லைதான். ஆனால், அதற்கான விலையைப் பெண்கள் தங்கள் உழைப்பால் கொடுத்தார்கள்.

விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்த பிறகே விறகு வேலை தொடங்கும். காய்ந்து விழுந்த ரப்பர் கிளைகளைப் பொறுக்கிக் கட்டி, சும்மாடு வைத்து லயத்துக்குச் சுமந்து வருவார்கள். ரப்பர் மரங்கள் சுமார் 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்து, மறுநடவுக்காக வெட்டப்படும். அப்போது விறகுக்குப் பஞ்சமிருக்காது. மழைநாளில் ஈரவிறகைப் பற்றவைக்க ஒட்டுப்பால் துண்டு உதவும். ஆனால், அடுப்படி முழுவதும் கரும்புகை சூழும்.

ரப்பர் பலகையைப் பூஞ்சையும் பூச்சியும் எளிதில் அரித்துவிடும். மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவியதும், அதே மரம் மேசை நாற்காலியாகி ஏற்றுமதியானது. ரப்பர் நிலங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. செம்பனை மட்டை ரப்பர் கட்டையைப் போல் நின்று எரியாது. கேஸ் அடுப்பு வந்தது. மாதச் செலவும் கூடியது.

ஆனால் புகை குறைந்தது. வீட்டுக்குள் சூழும் சமையல் புகை போன்ற மாசினால் 2020-இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

பொங்கலன்று வாசலில் விறகடுப்பு மூட்டும்போது நமக்குச் சற்று நேரம் கண் எரிகிறது. நம் பாட்டிமார்களுக்கு அது அன்றாடம்.