களவுபோன மடிக்கணினியும் கன்சாஸ் பண்ணை வீடும்

குன்னூரில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் ஐ.பி. முகவரி எந்த ஊரைக் காட்டுகிறது என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். கோயம்புத்தூர் என்றோ சென்னை என்றோ வந்தால் வியக்க வேண்டாம். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்களை இணையம் சமவெளியில் இறக்கி வைத்துவிடும். ஊட்டி விடுதியிலோ மேட்டுப்பாளையம் பேருந்திலோ மடிக்கணினியைப் பறிகொடுத்தவர், அதை இணையத்தின் வழியே தேடப் புறப்படும்போது முதலில் இடறுவது இங்கேதான்.

செல்போன் தொலைந்தால் கதை வேறு. 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிவு செய்யலாம். சிம்மை மாற்றினாலும் செல்போன் தன் எண்ணை டவரிடம் சொல்லித்தான் தீர வேண்டும். தொலைந்த செல்போன்களை மீட்டு, உரியவர்களிடம் மாவட்டக் காவல்துறையினர் ஒப்படைக்கும் படங்களை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். அதன் பின்னணியில் இருப்பது இந்த ஏற்பாடு. மடிக்கணினிக்கு அப்படி ஓர் எண் இல்லை. அதன் வைஃபை சில்லுக்கு 'மேக்' முகவரி உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த முகவரி வீட்டு ரவுட்டரோடு நின்றுவிடும். அதைத் தாண்டி இணையத்துக்குள் போவதில்லை. மேக் முகவரியை எழுதி எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போகிறவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவது இதனால்தான்.

பிறகு எப்படி, தொலைந்த கணினியைத் தேட விண்டோஸில் உள்ள 'ஃபைண்ட் மை டிவைஸ்' வசதி வரைபடத்தில் இடத்தைக் காட்டுகிறது? பெரும்பாலான மடிக்கணினிகளில் ஜி.பி.எஸ். கிடையாது. அவை அக்கம்பக்கத்து ரவுட்டர்களைக் கேட்டு இடம் அறிகின்றன. ஒவ்வொரு ரவுட்டரும் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரையும் முகவரியையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். எந்த ரவுட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற பெரும் தொகுப்பைக் கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் பராமரிக்கின்றன. ஊட்டி சேரிங் கிராஸில் கடைகளும் விடுதிகளும் நெருங்கியிருப்பதால், சில பத்து மீட்டர் துல்லியத்தில் இடம் கிடைத்துவிடலாம். அதே மடிக்கணினியைப் பந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு ஒருவர் திறக்கிறார் என்று வையுங்கள். சுற்றிலும் தேயிலைதான், ரவுட்டர் இல்லை. ஹாட்ஸ்பாட்டோ ஆளோடு சேர்ந்து ஊர் சுற்றுவது. வரைபடத்தில் வட்டம் கிலோமீட்டர் கணக்கில் விரியும். ஒரு சரிவும் அதிலுள்ள தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள் அத்தனையும் அதற்குள் வந்துவிடும்.

அந்த வட்டத்தை நம்பி யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு இருக்கிறது. ஐ.பி. முகவரிகளுக்கு இடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், 'அமெரிக்காவில் எங்கோ' என்பதற்கு மேல் விவரம் தெரியாத முகவரிகளையெல்லாம் நாட்டின் நடுவே ஒரு புள்ளியில் குறித்து வைத்தது. புள்ளி விழுந்தது அந்த வீட்டு நிலத்தில். 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள்! 2016-ல் உண்மை வெளிவரும்வரை காவலர்களும் அந்நியர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வாசலில் வந்து நின்றார்கள். அங்கே குடியிருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தோட்டத்து லைனில் ஒரு குடும்பத்தின் மேல் இப்படிப் பழி விழுந்தால் எளிதில் துடைக்க முடியாது.

உறுதியான தடம் வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் மின்னஞ்சல் கணக்கு திறந்த நிலையிலேயே மடிக்கணினி போயிருந்தால், திருடியவர் அதை இணையத்தில் இணைத்ததும், அந்த ஐ.பி. முகவரியும் நேரமும் கணக்கின் செயல்பாட்டுப் பதிவில் ஏறக்கூடும். ஆனால் பழைய ஐ.பி.வி4 முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாததால், ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே சமயத்தில் பகிர்ந்து கொடுக்கிறார்கள். எல்லா லைன் வீட்டுக் கடிதமும் எஸ்டேட் ஆபீஸ் முகவரிக்கே வருவதைப் போல. எந்த வீடு என்று பிரித்தறிய 'போர்ட்' எண்ணும் நொடி துல்லியமான நேரமும் வேண்டும். பதிவில் இருப்பது உலகப் பொது நேரமா, இந்திய நேரமா என்று பாராமல் விட்டால் ஐந்தரை மணி நேரம் பிசகி, சம்பந்தமே இல்லாத ஒருவர் சிக்குவார்.

இந்த விவரங்களை இணைய நிறுவனங்களிடம் கேட்டுப் பெறும் அதிகாரம் காவல்துறையிடம்தான் இருக்கிறது. இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தியது. ஊட்டியில் தொலைத்ததை மைசூரு போய்ச் சேர்ந்த பிறகு உணர்ந்தாலும் அங்கேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் கூடலூர்ப் பகுதிக்கு இது பெரிய வசதி.

பதற்றத்தில் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறினால் தடமும் அறுந்துபோகும். வங்கிக் கணக்கை மட்டும் உடனே காப்பாற்றிவிட்டு, மற்றவற்றில் முதலில் பதிவுகளைப் படம் பிடியுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். திருடியவர் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவிவிட்டால் இவை பயன்படாது. அப்போது மிஞ்சுவது அடிப்பக்கத்துச் சீரியல் எண். பழைய கணினி வாங்குவோரும் அதைப் பார்க்க வேண்டும். திருட்டுக் கணினி என்று தெரிந்தே வாங்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66பி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவித்தது. கொழுந்து பறிக்கும் தாய்மாரின் வீட்டுக்கு அதுவே முதல் கணினியாக இருக்கலாம். பிள்ளைகளே, பெட்டியைப் பிரிக்கும் நாளிலேயே 'ஃபைண்ட் மை டிவைஸ்' வசதியைப் போட்டு வையுங்கள்; தொலைந்த பிறகு போட முடியாது. சீரியல் எண்ணைப் படமெடுத்து அம்மாவின் செல்போனுக்கு அனுப்பிவிடுங்கள்.