தர்பூசணிப் பிஞ்சு உதிர்வது ஏன்?

மாடியிலோ கொல்லையிலோ தர்பூசணி போட்டவர்கள் புலம்புவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "கொடி நல்லா ஓடுது, பூவும் பூக்குது, ஒரு பிஞ்சுகூட நிக்கல." உடனே உரத்தைக் கூட்டுவார்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் கொழிக்கும். கோளாறு பூவில் இருக்கும்போது மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை கொட்டினால் கொட்டட்டும். சில நாள் கழித்து வரும் பெண் பூவின் அடியில், மெல்லிய ரோமம் போர்த்திய குட்டிப் பிஞ்சு இருக்கும். காலையில் விரியும் அந்தப் பூ அன்றைக்கே வாடிவிடும், மறுநாள் திறக்காது. அதற்குள் மகரந்தம் வந்து சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழும்.

மகரந்தமோ பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீதான் கொண்டுவர வேண்டும். அதுவும் ஒரு தடவை வந்தால் போதாது. பெண் பூவின் நடுவில் மகரந்தம் ஏற்கும் சூல்முடிக்கு மூன்று மடல்கள். மூன்றிலும் போதிய மகரந்தம் படிந்தால்தான் காய் சீராகத் திரளும். ஒரு பக்கம் குறைந்தால் அங்கே விதை பிடிக்காமல் காய் கோணிக்கொள்ளும். ஐந்தாவது மாடிக்கு அத்தனை தேனீக்கு எங்கே போவது? நாமே அந்த வேலையைச் செய்ய வேண்டியதுதான். காலை ஒன்பது மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பிய்த்துவிட்டு, மூன்று மடல்களிலும் மெல்லத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூக்களைச் செலவழிக்கலாம், கஞ்சத்தனம் வேண்டாம். வருகிற ஒன்றிரண்டு தேனீயையும் கெடுக்காமலிருக்க, பூச்சிமருந்து தெளிப்பதை மாலைக்குத் தள்ளிவையுங்கள்.

தொட்டிக் கொடிக்கு இரண்டு காய் போதும். காய் பிடித்ததிலிருந்து சுமார் 30 முதல் 40 நாளில் முற்றும். அவசரப்பட்டுப் பறித்தால் மாங்காயைப் போல வைக்கோலில் போட்டு இனிக்கவைக்க முடியாது. தட்டிப் பார்த்துச் சொல்லும் வித்தையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. காய்க் காம்பு இருக்கும் கணுவில் உள்ள பற்றுச்சுருள் காய்ந்துவிட்டதா, தரையில் படிந்த அடிப்பக்கம் வெளுப்பு மாறி மஞ்சள் தட்டிவிட்டதா என்று பாருங்கள்.

விதையில்லா ரகம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிய விஞ்ஞானி ஹிதோஷி கிஹாரா குழுவினர் உருவாக்கி, 1951-ல் விவரித்த ரகம் அது. சாதாரணக் கொடிக்கு 22 குரோமோசோம் என்றால் இதற்கு 33. ஒற்றைப்படையாகிவிட்டதால் சரிபாதியாகப் பிரிய முடியாமல் விதை உருவாவதில்லை, மகரந்தமும் மலடாகிவிடுகிறது. ஆனாலும் பிஞ்சு திரள நல்ல மகரந்தம் கட்டாயம் வேண்டும். அதனால் பக்கத்துத் தொட்டியில் விதையுள்ள நாட்டுக்கொடி ஒன்றையும் ஏற்றிவிடுங்கள். ஆண் பூவை அதிலிருந்துதான் கிள்ள வேண்டும்.