ஆறே நாள் இருக்கும்போது ரத்தான கிறிஸ்துமஸ்!

2020 டிசம்பர் 19. கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி சனிக்கிழமை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று தி.நகர் ரங்கநாதன் தெருவைப் பார்த்தவர்களுக்கு, அந்த நாளில் லண்டன் கடைத்தெரு எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கொரோனா பயத்தில் கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் பரபரப்பு குறையவில்லை. பரிசுப் பொருள்களை வண்ணக் காகிதத்தில் சுற்றி வைத்தாயிற்று. வான்கோழிக்குச் சொல்லியாயிற்று. ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

மாலை நான்கு மணிக்குப் பிறகு பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். திட்டமிட்டபடி கிறிஸ்துமஸைக் கொண்டாட முடியாது என்றார். லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தின் பெரும்பகுதியும் அன்று நள்ளிரவு முதல் 'நான்காம் அடுக்கு' கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான மக்கள். இன்னொரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வெளியே, திறந்தவெளியில், வேறு வீட்டைச் சேர்ந்த ஒரே ஒருவரைச் சந்திக்கலாம். தனியாக வாழ்பவர்கள் மட்டும் ஏற்கெனவே துணைக்குச் சேர்ந்திருந்த ஒரு வீட்டோடு தொடரலாம். இங்கிலாந்தின் மற்ற பகுதிகளுக்கு டிசம்பர் 25 ஒரு நாள் மட்டும் சலுகை. வேல்ஸ், ஸ்காட்லாந்து அரசுகளும் அன்றே தங்கள் சலுகைகளைச் சுருக்கிக்கொண்டன.

அறிவிப்புக்கும் நள்ளிரவுக்கும் நடுவில் இருந்தது சுமார் எட்டு மணி நேரம்.

ஆசை காட்டியது யார்?

இந்த ஏமாற்றத்தின் வேர் நவம்பர் 24-ல் இருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு நிர்வாகங்களும் சேர்ந்து அன்று ஒரு முடிவை அறிவித்தன. டிசம்பர் 23 முதல் 27 வரை ஐந்து நாள்கள், மூன்று வீட்டார் ஒன்றுசேரலாம். மார்ச் மாதத்திலிருந்து அடைபட்டுக் கிடந்த ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்? எந்த மூன்று வீடு என்பதில்தான் சிக்கல். பிள்ளை வீடா, பெண் வீடா, சம்பந்தி வீடா? பல குடும்பங்களில் இந்தக் கணக்குப் போட்டே நாள்கள் ஓடின.

டிசம்பர் 8-ம் தேதி கோவென்ட்ரி நகரில் மார்கரெட் கீனன் என்ற 90 வயதுப் பாட்டிக்கு ஃபைசர் தடுப்பூசி போடப்பட்டது. சோதனைகளுக்கு வெளியே அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட உலகின் முதல் ஆள் அவர். விடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால், கென்ட் பகுதியில் செப்டம்பர் மாதமே எடுக்கப்பட்ட மாதிரிகளில் உருமாறிய ஒரு வைரஸ் இருந்தது. பின்னாளில் 'ஆல்ஃபா' என்று பெயர் பெற்றது இதுதான். டிசம்பர் 14-ல் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிச் சொன்னார். மறுநாள், பிரிட்டனின் இரண்டு முக்கிய மருத்துவ இதழ்கள் சேர்ந்து ஒரே தலையங்கத்தை வெளியிட்டன. ஐந்து நாள் சலுகை பெரிய தவறு, பல உயிர்களைப் பலிவாங்கும் என்று எச்சரித்தன. நூறு வருடத்துக்கும் மேலான வரலாற்றில் அந்த இரு இதழ்களும் அப்படிக் கைகோத்தது அது இரண்டாவது முறை.

டிசம்பர் 16-ல் ஜான்சன் என்ன செய்தார்? கிறிஸ்துமஸைத் தடை செய்வது மனிதாபிமானமற்ற செயல் என்றார். எதிர்க்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர் கிறிஸ்துமஸையே ரத்து செய்யப் பார்க்கிறார் என்று அவையில் கிண்டலும் செய்தார். மூன்றே நாளில் அதைத் தானே செய்ய வேண்டி வந்தது.

புதிய வைரஸ் 70 சதவிகிதம் வரை வேகமாகப் பரவக்கூடும் என்றது அரசு. ஜனவரியில் பிரிட்டன் மருத்துவமனைகளில் கொரோனா நோயாளிகள் 38 ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஒரு நாளில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஜனவரி 26-ல் மொத்த மரணம் ஒரு லட்சத்தைக் கடந்தது. அதனால் கட்டுப்பாடு தேவையில்லாதது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தவறு தடையில் இல்லை. கடைசி நிமிஷம்வரை ஆசை காட்டிவிட்டு, வான்கோழி வாங்கிய பிறகு கதவைச் சாத்தியதில் இருந்தது.

கடைசி ரயில்

அன்று இரவு லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் பெட்டி படுக்கைகளோடு கூட்டம் அலைமோதியது. நள்ளிரவுக்குள் வடக்கே போய்விட வேண்டும். முகக்கவசம் இருந்தது, இடைவெளிக்கு இடமில்லை. அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. முழுக்க முழுக்கப் பொறுப்பற்ற செயல் என்று கண்டித்தார் ஹான்காக். அப்பா அம்மாவைப் பார்க்க எட்டு மணி நேரம் மட்டும் கொடுத்தால் யார்தான் ஓட மாட்டார்கள்?

ஓடாமல் இருந்தவர்கள்தான் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 25 அன்று எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு மேஜையில் ஒரு லேப்டாப்பும் உட்கார்ந்திருந்தது. முதியோர் இல்லங்களில் பேரப்பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தார்கள். தேவாலயங்கள் திறந்திருந்தன, ஆனால், வந்தவர்கள் உள்ளே சேர்ந்து பாடக் கூடாது. பாட்டில்லாத கிறிஸ்துமஸ் ஆராதனை! வழக்கமாக சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் பெருங்குடும்பத்தோடு இருக்கும் எலிசபெத் ராணியார் அந்த வருடம் வின்ட்சரிலேயே தங்கிவிட்டார். பலருக்கு இந்தப் பண்டிகையில் வேண்டியது ஓர் அணைப்பும் ஒரு கைப்பிடியும்தான் என்று தன் கிறிஸ்துமஸ் உரையில் சொன்னார்.

இத்தாலியிலும் நிலைமை இதேதான். இரவு பத்து மணிக்கு ஊரடங்கு என்பதால் போப் பிரான்சிஸின் திருவிழிப்புத் திருப்பலியையே மாலை ஏழரை மணிக்கு மாற்றிவிட்டார்கள்.

குழந்தைகளின் கவலை வேறு. தாத்தா வராவிட்டாலும் போகட்டும், கிறிஸ்துமஸ் தாத்தா வருவாரா? அமெரிக்காவின் தொற்றுநோய் நிபுணர் ஆன்டனி ஃபௌச்சி தொலைக்காட்சியில் குழந்தைகளிடம், தானே வடதுருவத்துக்குப் போய் அவருக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அந்த மாதத்தில் பெரியவர்கள் கொடுத்த வாக்குறுதிகளில் காப்பாற்றப்பட்டது அது ஒன்றுதான்.

லாரிக்குள் ஒரு பண்டிகை

புதிய வைரஸ் செய்தி பரவியதும் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பிரிட்டனுக்குக் கதவடைத்தன. இந்தியாவும் டிசம்பர் 22 நள்ளிரவு முதல் அங்கிருந்து வரும் விமானங்களை நிறுத்தியது. முதலில் டிசம்பர் 31 வரை, பிறகு ஜனவரி 7 வரை. ஏற்கெனவே வந்து இறங்கியவர்களைத் தமிழ்நாடு உட்பட எல்லா மாநிலங்களிலும் முகவரி தேடிப் பரிசோதித்தார்கள்.

அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் லாரி ஓட்டுநர்கள். டிசம்பர் 20 இரவு பிரான்ஸ் தன் எல்லையை 48 மணி நேரத்துக்கு மூடியது. போலந்து, ருமேனியா என்று எங்கெங்கிருந்தோ சரக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டு, பண்டிகைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் கென்ட் சாலைகளிலும் மான்ஸ்டன் என்ற பழைய விமான நிலையத்தின் ஓடுபாதையிலும் நின்றார்கள். ஆயிரக்கணக்கான லாரிகள். கழிப்பறை போதவில்லை, சாப்பாடும் போதவில்லை. எல்லை திறந்த பிறகும், கொரோனா இல்லை என்ற பரிசோதனை முடிவு இருந்தால்தான் கப்பலில் ஏற்றுவோம் என்றது பிரான்ஸ். கிறிஸ்துமஸ் அன்றும் லாரி கேபினிலேயே இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அவர்களுக்குச் சுடச்சுடச் சாப்பாடு வந்தது கிரேவ்சென்ட் ஊரின் குருத்வாராவிலிருந்து. அங்குள்ள சீக்கியர்களும் கல்சா எய்ட் தொண்டு நிறுவனத்தினரும் கொண்டைக்கடலைக் குழம்பும் காளான் பாஸ்தாவும் சமைத்து, பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரர்களும் கையில் கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள். சிலர் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உணவை இறக்கினார்கள்.

முந்தின நாள் இரவு

ஒரு வருடம் கழித்துத்தான் இந்தக் கதையின் மிச்சம் வெளியே வந்தது. அறிவிப்புக்கு முந்தின நாள், டிசம்பர் 18 வெள்ளிக்கிழமை இரவு, பிரதமரின் 10 டவுனிங் தெரு அலுவலகத்தில் ஒரு விருந்து நடந்திருந்தது. மதுவும் பாலாடைக்கட்டியும் பரிசுப் பரிமாற்றமும் உண்டு. அன்று லண்டனில் வேறு வீட்டாரோடு உள்ளரங்கில் கூடுவதே சட்டப்படி தடை. அலுவலக கிறிஸ்துமஸ் விருந்து கூடாது என்று அரசின் வழிகாட்டுதலே சொல்லியிருந்தது.

விருந்து முடிந்து நான்கு நாள் கழித்து, பத்திரிகையாளர் சந்திப்புக்கு ஒத்திகை பார்த்த அதிகாரிகள் அதைப் பற்றிச் சிரித்துப் பேசும் வீடியோவை 2021 டிசம்பர் 7-ல் ஐடிவி ஒளிபரப்பியது. நாடு கொதித்தது. அதில் சிரித்த செய்தித் தொடர்பாளர் அலெக்ரா ஸ்ட்ராட்டன் மறுநாளே கண்ணீரோடு பதவி விலகினார். இப்படி அரசு அலுவலகங்களில் நடந்த பல கூட்டங்களுக்காக 83 பேருக்கு 126 அபராதங்கள் விதித்தது போலீஸ். டிசம்பர் 18 விருந்துக்காக ஜான்சனுக்கு அபராதம் இல்லை. 2020 ஜூனில் நடந்த அவரது பிறந்தநாள் கூட்டத்துக்காக வந்தது. விதிகள் எல்லாம் பின்பற்றப்பட்டன என்று அவர் நாடாளுமன்றத்தில் சொன்னது வேண்டுமென்றே தவறாக வழிநடத்தியதுதான் என 2023 ஜூனில் உரிமைக்குழு தீர்ப்பளித்தது.

ஜன்னலுக்கு வெளியே நின்று அம்மாவுக்குக் கையசைத்துவிட்டு வந்தவர்களுக்கு இது வெறும் அரசியல் செய்தியாக இருக்கவில்லை. எங்கள் அப்பா சாகும்போது நாங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோமே என்று வானொலி நேயர் நிகழ்ச்சிகளில் அழுதவர்கள் ஏராளம்.

நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே, தேம்ஸ் நதியின் மறுகரையில் ஒரு நீண்ட சுவர் இருக்கிறது. 2020 ஏப்ரலில் ஜான்சனே கொரோனாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டிய சுவர். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று என, 2021 மார்ச் இறுதியிலிருந்து குடும்பத்தினரும் தன்னார்வலர்களும் அதில் கையால் சிவப்பு இதயங்களை வரைந்தார்கள். ஆரம்பத்தில் ஒன்றரை லட்சத்தை நெருங்கிய எண்ணிக்கை இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதலில் பயன்படுத்தியது சாதாரண மார்க்கர் பேனா என்பதால் வெயிலிலும் மழையிலும் இதயங்கள் வெளிறிப்போயின. எழுதிய பெயர்களும் மங்கின. தன்னார்வலர்கள் சிலர் சுவர் பெயின்ட்டும் தூரிகையுமாக வந்து, ஒவ்வோர் இதயமாக மறுபடி வரைந்து, பெயரை மறுபடி எழுதிவிட்டுப் போகிறார்கள்.