முகத்தில் தோன்றும் வெளிர் திட்டுகள்: காரணங்களும் சிகிச்சையும்

அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் எனப் புதுக்கோட்டை மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும், முகத்தில் நிறம் குறைந்த திட்டுகளுடன் பலர் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருகின்றனர். அவர்களின் முதல் கேள்வி, "இது வெண்குஷ்டமா?" என்பதே. பெரும்பாலும் இல்லை. எனினும், காரணத்தை அறிந்த பின்னரே மருந்தைத் தொடங்க வேண்டும்.

குழந்தைகளின் வெளிர் திட்டு

பள்ளி வயதுக் குழந்தைகளின் கன்னங்களில் ஓரம் தெளிவற்ற, மெல்லிய செதிலுடைய திட்டுகள் தோன்றுவது மிகவும் இயல்பு. வறண்ட தோலில் ஏற்படும் இலேசான அழற்சியே இதன் காரணம். வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுக்கும்போது திட்டு எடுப்பாகத் தெரியும். வயிற்றுப் பூச்சியால் இது வருவதில்லை, பிறருக்குத் தொற்றுவதுமில்லை. மென்மையான சோப்பும், குளித்தவுடன் தடவும் ஈரப்பதக் களிம்பும் பெரும்பாலும் போதும். நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும்.

தேமல்

வியர்வை மிகும் காலத்தில், தோலில் இயல்பாக வாழும் ஒருவகைப் பூஞ்சை பெருகுவதால் தேமல் உண்டாகிறது. கழுத்து, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் மிகுதியாகவும், முகத்தில் சில வேளைகளிலும் காணப்படும். சுரண்டினால் தவிடு போன்ற செதில் உதிரும். பூஞ்சைக் கொல்லிக் களிம்பு அல்லது கீட்டோகோனசோல் ஷாம்பு பயன் தரும். பூஞ்சை அழிந்த பின்னரும் வெளிர்நிறம் சில வாரங்கள் நீடிக்கும். அதனை மருந்தின் தோல்வியாகக் கருத வேண்டாம்.

வெண்புள்ளி

பால்போல் வெளுத்து, தெளிவான விளிம்புடன் கண், வாய் ஓரங்களில் தொடங்குவது வெண்புள்ளி. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நிறமி அணுக்களை அழிப்பதால் இது ஏற்படுகிறது. இது தொழுநோயன்று, தொடுவதால் பரவாது. 'குஷ்டம்' என்னும் சொல்லால் திருமணங்கள் தடைபடுவதும், பிள்ளைகள் ஒதுக்கப்படுவதும் வேதனைக்குரியவை. டாக்ரோலிமஸ் களிம்பு, குறும்பட்டைப் புறஊதாக் கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றால் முகத்திலுள்ள புள்ளிகள் பலருக்கு நன்கு நிறம் பெறுகின்றன. பொறுமையுடன் பல மாதங்கள் தொடர வேண்டும்.

தொழுநோய்

செதிலோ அரிப்போ இல்லாத வெளிர் அல்லது செந்நிறத் திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால், தொழுநோயை ஐயுற வேண்டும். முகத்தில் நரம்புகள் செறிந்திருப்பதால், அங்கே உணர்ச்சி இழப்பு தெளிவாகப் புலப்படாமலும் போகலாம். ஆகவே உடல் முழுவதையும் பரிசோதிப்பது அவசியம். கை, கால் மரத்துப்போதலும் இதன் அறிகுறியே. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது; நோயின் தன்மைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் உட்கொண்டால் முழுமையாகக் குணமாகும். காலம் தாழ்த்தினால், நரம்புகளுக்கு நேர்ந்த பாதிப்பு நிலைத்துவிடக்கூடும்.

தவிர்க்க வேண்டியவை

மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும், 'சிவப்பழகு' கிரீம்களும் முகத்தோலை மெலியச் செய்து, பருக்களையும் புதிய வெளிர் திட்டுகளையும் உண்டாக்கக்கூடும். எலுமிச்சைச் சாறு, பூண்டு ஆகியவற்றைத் தேய்ப்பதும் தோலைப் புண்ணாக்கும்.

திட்டு பரவினாலோ, முற்றிலும் வெளுத்தாலோ, உணர்ச்சி குறைந்தாலோ தாமதியாமல் தோல் மருத்துவரை அணுகுங்கள். இதுவரை தடவிய களிம்புகளையும் உடன் எடுத்து வாருங்கள். காரணத்தைக் கண்டறிய அவை எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.