வால்சக்கர விமானமும் எங்கப்பா டிரெய்லரும்

எங்கப்பா டிராக்டர் டிரைவர். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது, "கோணினப்புறம் திருப்பாதே, கோணப் போறப்பவே திருப்பு" என்பார். மெக்கானிக்கல் சேர்ந்த பிறகுதான் அதிலுள்ள கணக்கு எனக்குப் புரிந்தது.

1958-ல் பெங்களூர் எச்.ஏ.எல். பறக்கவிட்ட 'புஷ்பக்' பயிற்சி விமானத்துக்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். புவியீர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் ஓடும்போது மூக்கு சற்றே விலகினாலும் பின்னாலுள்ள எடை முந்தப் பார்க்கும், ரிவர்ஸில் தள்ளப்படும் டிரெய்லர் மாதிரி. விட்டால் விமானம் தட்டாமாலை சுற்றி, இறக்கை நுனி தரையில் உரசும். இதற்கு 'கிரவுண்ட் லூப்' என்று பெயர்.

மருந்து காலில் இருக்கிறது. பார்வையை ஓடுபாதையின் கடைசியில் வைத்து, ரட்டர் பெடலைச் சின்னச் சின்னதாக மிதித்து உடனே விட வேண்டும். பயந்து ஓங்கி மிதித்தால் மறுபக்கம் இழுத்துவிடும். பக்கக் காற்று இல்லாத நாளில் பழகிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுள்ள நாளுக்குப் போனால்தான் தைரியம் வரும். இறங்கியாச்சே என்று காலைத் தளர்த்தினால் வம்பு. வேகம் குறையக் குறைய ரட்டரில் காற்றின் பிடியும் குறையும். விமானம் முழுசா நிற்கிறவரை கால் வேலை செய்யணும்.

அப்பாவுக்குப் படம் போட்டுக் காட்டினேன். "இதுக்கா மூணு வருஷப் படிப்பு?" என்று சிரித்தார். அப்புறம் வாலை விரலால் தொட்டு, "இங்க எவ்வளவுடா கனம்?" என்று கேட்டார்.